விண்கலங்களைப் பின்தொடர்வது எப்படி: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2021 பிப்ரவரி 18 அன்று பெர்செவரன்ஸ் ரோவர் செவ்வாயில் இறங்கியது. இறங்கும்போது மேல்நோக்கி வைத்திருந்த கேமரா ஒன்று பாராசூட் விரிவதைப் படம் பிடித்தது. சில நாள் கழித்து நாசா அந்தக் காணொளியை வெளியிட்டபோது, இதில் ஒரு செய்தி ஒளிந்திருக்கலாம் என்று திட்டப் பொறியாளர் ஒருவர் லேசாகக் கோடி காட்டினார். சில மணி நேரம்தான். பாராசூட்டின் வெள்ளை, ஆரஞ்சுப் பட்டைகளை ஆர்வலர்கள் சிலர் 0, 1 என்று எழுதி, எழுத்துகளாக மாற்றி, அந்த ரோவரை உருவாக்கிய நாசாவின் ஜெ.பி.எல். ஆய்வகத்தின் குறிக்கோள் வாசகத்தையும் அந்த ஆய்வகத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் படித்துச் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று நினைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அவர்கள் நின்று எண்ணிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து நான் விண்வெளிப் படங்களைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படத்தைப் பார்த்து வியந்துவிட்டு நகர்ந்துவிடுபவர்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே வரவேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன். உள்ளே வரப் பட்டமோ பணமோ தேவையில்லை, ஒரு கணினியும் இணையமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் ஒரே ஒரு கலம்

புதிதாக வருபவர்கள் எல்லாக் கலங்களையும் ஒரே நேரத்தில் பின்தொடரப் பார்ப்பார்கள். பத்து நாளில் பெயர்கள் குழம்பி, ஆர்வம் வடிந்துவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் அதோடு இருங்கள்.

என்னைக் கேட்டால் செவ்வாயில் ஓடும் ரோவரில் தொடங்குங்கள் என்பேன். பெர்செவரன்ஸ் ஜெசெரோ பள்ளத்தில் இறங்கியது, க்யூரியாசிட்டி அதற்கு முன்பே, 2012 ஆகஸ்டில், கேல் பள்ளத்தில் இறங்கியது. இரண்டும் அனுப்பும் கச்சாப் படங்கள் பூமிக்கு வந்த கொஞ்ச நேரத்திலேயே நாசாவின் தளத்தில் எல்லோருக்கும் திறந்து வைக்கப்படுகின்றன. அந்தத் திட்டத்தில் வேலை செய்யும் விஞ்ஞானி காலையில் பார்க்கும் அதே பாறையை நீங்களும் அதே நாளில் பார்க்கலாம். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு இன்னும் முழுதாகப் பழகவில்லை.

படங்களின் பட்டியலில் சோல் என்று ஒரு எண் இருக்கும். அது செவ்வாயின் ஒரு பகலும் இரவும், அதாவது 24 மணி 39 நிமிடம் 35 நொடி. இறங்கிய நாளிலிருந்து எண்ணுவார்கள். அப்புறம் கேமராவின் பெயர். ஹாஸ்கேம் என்றால் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் தடங்கல் பார்க்கும் கேமரா, படம் விளிம்பில் வளைந்து தெரியும். நேவ்கேம் வழி பார்ப்பதற்கு. பெர்செவரன்ஸில் மாஸ்ட்கேம்-இசட் என்பது தூணின் மேலே இருக்கும் வண்ணக் கேமரா, கண்ணுக்கு விருந்து வைப்பது பெரும்பாலும் அதுதான். முதல் பயிற்சியாக அடுத்தடுத்த இரண்டு சோல்களின் நேவ்கேம் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரோவர் நகர்ந்ததா, எந்தப் பக்கம், தொலைவில் தெரியும் மேடு எந்தப் பக்கம் தள்ளிப்போயிருக்கிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். பிறகு ரோவர் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடத்தை நாசா தளத்தில் திறந்து சரிபாருங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தால் அந்த நிலம் உங்களுக்குத் தெரிந்த இடமாகிவிடும்.

பொறுமைசாலி என்றால் யூரோப்பா கிளிப்பர் நல்ல துணை. 2024 அக்டோபர் 14 அன்று கிளம்பியது. அக்டோபர் 10 என்று நாள் குறித்திருந்தார்கள், மில்டன் புயல் வந்து நாலு நாள் தள்ளிப்போட்டது. வியாழனை 2030 ஏப்ரலில் அடையும், அங்கே யூரோப்பா நிலவை 49 முறை நெருங்கிக் கடக்கும் என்பது திட்டம். ஐரோப்பாவின் ஜூஸ் கலம் 2023 ஏப்ரலில் கிளம்பியும் 2031 ஜூலையில்தான் அங்கே போய்ச் சேரும். இந்த மாதிரிக் கலங்கள் வருடக்கணக்கில் செய்தியே தராது. அதுவும் ஒரு வகை உறவுதான்.

வானத்தில் அந்த இடத்தைக் காட்டத் தெரிய வேண்டும்

இது சின்னப் படிதான், ஆனால் தவிர்க்காதீர்கள். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் உங்கள் இடத்தையும் நேரத்தையும் கொடுத்து, வியாழனும் செவ்வாயும் இன்று எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டு வெளியே போய்க் கண்டுபிடியுங்கள். 7×50 அல்லது 10×50 பைனாகுலரைக் கை ஆடாமல் எதன் மேலாவது ஊன்றிப் பிடித்தால் வியாழனின் பெரிய நிலவுகள் புள்ளிகளாகத் தெரியும். தொலைநோக்கி வாங்குவதை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். எதை வைத்தும் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, உரிய வடிகட்டி இல்லாமல் பார்த்தால் கண் போய்விடும். நட்சத்திரத்துக்கு உங்கள் பெயர் வைத்துத் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களிடமும் ஏமாறாதீர்கள், சர்வதேச வானியல் ஒன்றியம் அந்தப் பெயர்களை ஏற்பதில்லை.

கலங்கள் பேசுவதை நேரலையில் பாருங்கள்

நாசாவின் ஆழ்வெளித் தொடர்பு வலையமைப்புக்கு மூன்று இடங்களில் பெரிய ஆன்டெனாக்கள் இருக்கின்றன: அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா. பூமி சுற்றும்போது ஏதாவது ஒன்று எப்போதும் கலத்தைப் பார்த்திருக்கும்படி, உலகைச் சுற்றிக் கிட்டத்தட்ட சம இடைவெளியில் வைத்திருக்கிறார்கள். எந்த ஆன்டெனா இந்த நிமிடம் எந்தக் கலத்தோடு பேசுகிறது என்று காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது, டி.எஸ்.என். நவ் என்று தேடினால் கிடைக்கும். ஒரு ஆன்டெனாவைத் தொட்டால் கலத்தின் சுருக்கப் பெயர், தரவு வரும் வேகம், செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம் எல்லாம் வரும்.

அதில் வாயேஜர் 1 வரும் நேரத்துக்காகக் காத்திருங்கள். 1977 செப்டம்பர் 5 அன்று கிளம்பிய கலம். சுமார் 23 வாட் சக்தியில், ஒரு சின்ன விளக்கின் அளவில், நம்மோடு பேசுகிறது. நொடிக்கு 160 பிட் என்று திரையில் பார்க்கும்போது நமக்குப் பேச்சு வராது. 2023 நவம்பரில் இந்தக் கலம் ஒரே மாதிரியான பொருளற்ற எண்களை அனுப்பத் தொடங்கியது. நினைவகச் சில்லு ஒன்று கெட்டிருப்பதைப் பொறியாளர்கள் மாதக்கணக்கில் துப்புத் துலக்கிக் கண்டுபிடித்து, அதில் இருந்த நிரலைத் துண்டுகளாகப் பிரித்து வேறு இடங்களுக்கு மாற்றும் கட்டளையை 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். போக இருபத்திரண்டரை மணி நேரம், வர இருபத்திரண்டரை மணி நேரம். ஏப்ரல் 20 அன்று சரியான பதில் வந்தது. ஒளி ஒரு முழு நாளில் கடக்கும் தொலைவை இந்தக் கலம் 2026 நவம்பரில் எட்டும், நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

தரையிறக்கங்களை நேரலையில் பார்க்கும்போதும் இந்தத் தாமதம் மனதில் இருக்கட்டும். பெர்செவரன்ஸ் இறங்கிய அன்று செவ்வாயிலிருந்து செய்தி வரச் சுமார் 11 நிமிடம் ஆனது, காற்று மண்டலத்தில் இறங்குவதற்கோ ஏழு நிமிடம்தான். அதாவது, உள்ளே நுழைந்துவிட்டது என்ற செய்தி இங்கே வந்தபோது ரோவர் அங்கே தரையில் இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களும் நம்மைப் போலவே ஏற்கெனவே நடந்து முடிந்ததற்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்து பார்த்தால் அந்த நிமிடங்களின் கனம் வேறு. இன்னொன்று, நேரலையை அந்தந்த விண்வெளி நிறுவனத்தின் சொந்த ஒளிபரப்பில் மட்டும் பாருங்கள். பழைய காட்சிகளை ஒட்டி நேரலை என்று போடுபவர்கள் பெரிய நிகழ்வு நாட்களில் நிறைய வருவார்கள்.

ஒரு படத்தை எப்படிப் படிப்பது

வெப் படங்களைப் பார்த்ததும் பலரும் கேட்பது, இது நிஜ நிறமா? நேர்மையான பதில்: கண்ணுக்குத் தெரியும் நிறம் அல்ல, ஆனால் இட்டுக்கட்டியதும் அல்ல. வெப் தொலைநோக்கி 0.6 முதல் 28.5 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) வரை அலைநீளம் கொண்ட ஒளியைப் பார்க்கிறது, அதில் பெரும்பகுதி அகச்சிவப்பு, அதற்கு நம் கண்ணில் நிறமே கிடையாது. ஆகவே ஒரே இடத்தைப் பல வடிகட்டிகள் வழியாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, குறுகிய அலைநீளத்துக்கு நீலம், நடுவில் உள்ளதற்குப் பச்சை, நீண்டதற்குச் சிவப்பு என்று வரிசை மாறாமல் கொடுக்கிறார்கள். பாட்டின் சுருதியை இறக்கிப் பாடுவது போல, ஸ்வரங்களுக்கு இடையிலான உறவு அப்படியே இருக்கிறது.

வடிகட்டியின் பெயரைப் படிக்கக் கற்றுக்கொண்டால் படம் பேசத் தொடங்கும். எஃப்200டபிள்யூ என்றால் 2.00 மைக்ரான், டபிள்யூ என்பது அகலமான பட்டை. எஃப்444டபிள்யூ என்றால் 4.44 மைக்ரான். என் என்று முடிந்தால் குறுகிய பட்டை, ஹைட்ரஜன் மாதிரி ஒரு குறிப்பிட்ட வாயுவின் ஒளியை மட்டும் பிடிப்பதற்காக வைத்தது.

எம்16 என்ற நெபுலாவில், அதாவது வாயுவும் தூசியும் கலந்த மேகத்தில், படைப்பின் தூண்கள் என்று அழைக்கப்படும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1995-இல் எடுத்தது, வெப் 2022-இல் நிர்கேம், மிரி என்ற இரண்டு கருவிகளால் எடுத்தது, மூன்றையும் வரிசையாக வையுங்கள். ஹபிளில் தூசித் தூண்கள் சுவர் போல நிற்கும். நிர்கேமில் தூசி பாதி கண்ணாடியாகி உள்ளேயும் பின்னேயும் இருக்கும் எண்ணற்ற நட்சத்திரங்கள் தெரியும். மிரியில் அந்த நட்சத்திரங்களில் பெரும்பாலானவை காணாமல் போய், தூசியே படம் முழுக்க நிறைந்திருக்கும். இடம் ஒன்றுதான், அலைநீளம்தான் வேறு. எந்தப் பாடப்புத்தகத்தை விடவும் இந்த மூன்று படங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தவை அதிகம்.

நட்சத்திரங்களைச் சுற்றி நீளும் கதிர்க்கோடுகளையும் பாருங்கள். நாலு கோடு என்றால் ஹபிள். ஆறு பெரிய கோடும் இரண்டு சின்னக் கோடும் என்றால் வெப். அறுகோணத் துண்டுகள் 18 சேர்ந்த 6.5 மீட்டர் கண்ணாடியும், அதன் முன்னால் நிற்கும் தாங்கு கம்பிகளும்தான் இதற்குக் காரணம். ஆழ்வெளிப் படத்தில் கூர்மையான கோடுகளோடு மின்னுபவை பெரும்பாலும் நம் பால்வீதியின் நட்சத்திரங்கள், கோடு இல்லாத மங்கிய கறைகள்தான் கோடானுகோடி சூரியன்கள் கொண்ட தொலைதூர மண்டலங்கள். இதைத் தெரிந்துகொண்டு ஒரு ஆழ்வெளிப் படத்தைத் திறந்தால் கண் தானாகவே மின்னுவதை விட்டுவிட்டுக் கறைகளைத் தேடிப் போகும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. புறக்கோள் என்றால் வேறு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள். கடலும் மேகமுமாக வரும் புறக்கோள் படங்கள் எல்லாம் ஓவியரின் கற்பனை. டிராப்பிஸ்ட்-1 நட்சத்திரத்தின் ஏழு கோள்களின் அந்த அழகான வரிசையும் அப்படித்தான். இதுவரை எந்தத் தொலைநோக்கியும் ஒரு புறக்கோளின் தரையைக் கண்டதில்லை. நேராகப் படம் பிடிக்கப்பட்ட சிலவும் ஒளிப்புள்ளிகள்தான்.

உங்கள் கையால் ஒரு வெப் படம்

இந்தப் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஹபிளும் வெப்பும் எடுக்கும் எல்லாமே மாஸ்ட் என்ற தரவுக் களஞ்சியத்தில் சேர்கின்றன. தொலைநோக்கி நேரம் பெற்ற ஆய்வாளர்களுக்குச் சில காலம், வெப்பில் பொதுவாக ஒரு வருடம் வரை, தனி உரிமை உண்டு. பிறகு அது உலகத்துக்கே பொது. 2022 ஜூலையில் வெளியான முதல் படங்களின் தரவு எல்லாம் திறந்தே கிடக்கிறது, ஆகவே அவற்றில் ஒன்றான தெற்கு வளைய நெபுலாவில் தொடங்கலாம்.

மாஸ்ட் தேடல் பக்கத்தில் அந்த நெபுலாவின் பட்டியல் பெயரான என்ஜிசி 3132 (NGC 3132) என்று கொடுங்கள். பக்கவாட்டில் இருக்கும் தெரிவுகளில் வெப் தொலைநோக்கி, நிர்கேம் கருவி, மூன்றாம் நிலைத் தரவு என்று சுருக்குங்கள். மூன்றாம் நிலை என்றால் பல தனிப்படங்களைச் சேர்த்துச் சுத்தம் செய்து ஒன்றாக்கியது. பெயரின் முடிவில் ஐ2டி என்று வரும் கோப்புதான் வேண்டும். அலைநீளம் நன்றாகத் தள்ளித் தள்ளி இருக்கும் மூன்று வடிகட்டிகளுக்கு ஒவ்வொன்று இறக்குங்கள். கோப்புகள் பெரியவை, சில நூறு எம்பி முதல் சில ஜிபி வரை போகும், ஆகவே இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

இவை ஃபிட்ஸ் என்ற வடிவில் இருக்கும். திறக்க ஃபிட்ஸ் லிபரேட்டர் என்ற இலவச மென்பொருள் போதும். முதல் முறை திறந்தபோது எனக்குத் திரை முழுக்கக் கறுப்பு, ஓரிரண்டு வெள்ளைப் புள்ளி மட்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி இறக்கினேன், மறுபடியும் கறுப்பு. கோப்பில் குறையே இல்லை. பிரகாசமானவற்றுக்கும் மங்கியவற்றுக்கும் இடையே அவ்வளவு பெரிய வித்தியாசம் இருப்பதால், மங்கியவற்றை மேலே இழுத்துவிட வேண்டும். மென்பொருளில் இதற்கு லாக், ஆர்க்சின்ஹெச் போன்ற தெரிவுகள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கறுப்பு எல்லையையும் வெள்ளை எல்லையையும் மெதுவாக நகர்த்துங்கள். கறுப்பிலிருந்து நெபுலாவின் வளையம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வருவதைப் பார்க்கும் அந்த நொடிக்காகவே இதைச் செய்யலாம்.

மூன்றையும் டிஃப் கோப்பாகச் சேமித்து, ஜிம்ப் மாதிரி ஒரு படத்தொகுப்பு மென்பொருளில் மூன்று அடுக்குகளாக வையுங்கள். குறுகிய அலைநீளத்துக்கு நீலம், நடுவுக்குப் பச்சை, நீண்டதற்குச் சிவப்பு என்று நிறம் கொடுத்து, அடுக்குகளை ஸ்கிரீன் முறையில் கலக்குங்கள். நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் இருந்தால் அடுக்கை நகர்த்தி, தேவையானால் அளவை மாற்றிப் பொருத்துங்கள், நிர்கேமின் குறுகிய அலைப் படங்கள் நீண்ட அலைப் படங்களை விட நுணுக்கமானவை என்பதால் அளவு வேறுபடும். பிரகாசமான நட்சத்திரங்களின் நடுவில் கறுப்பு ஓட்டை தெரிந்தால் பதற வேண்டாம், உணரி நிரம்பி வழிந்த இடம் அது, எல்லோருடைய படத்திலும் வரும், பிறகு நிரப்பிக்கொள்வார்கள். முதல் படம் சுமாராகத்தான் வரும். அப்படியே சேமித்து வையுங்கள், ஐந்தாவது படம் வந்ததும் அதைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

வியாழன் வேண்டும் என்றால் ஜூனோ கலத்தின் ஜூனோகேம் இருக்கிறது. பொதுமக்களை ஈடுபடுத்தும் நோக்கத்திலேயே அந்தக் கேமராவைக் கலத்தில் ஏற்றினார்கள். கச்சாப் படங்களை இணையத்தில் போட்டார்கள், உலகம் முழுவதும் உள்ள ஆர்வலர்கள் அவற்றை வண்ணமாக்கினார்கள். நாம் பார்த்துப் பழகிய அந்த நீலச் சுழல் மேகப் படங்களில் நிறைய அவர்கள் கைவேலை. கலம் நிமிடத்துக்கு இரண்டு முறை சுழல்வதால் படம் பட்டை பட்டையாக வரும், ஒட்டுவது கடினம். ஆகவே வெப்பில் கை பழகிய பிறகு போங்கள்.

உங்கள் கண் அறிவியலுக்கு வேண்டும்

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2 இறங்குவதை நான் விழித்திருந்து பார்த்தேன். 2.1 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் சரியாக நடந்ததாகச் சொன்னார்கள், அதன் பிறகு தொடர்பு இல்லை. அந்த மௌனம் மறக்காது. நிலவைச் சுற்றும் எல்.ஆர்.ஓ. கலம் எடுத்த பெரிய படத்தை அந்த மாதம் 26 அன்று நாசா வெளியிட்டது. சண்முக சுப்பிரமணியன் என்ற பொறியாளர், தன் சொந்த ஆர்வத்தில், அந்தப் படத்தையும் அதே இடத்தின் பழைய படத்தையும் வைத்துத் தேடி, முன்பு இல்லாத ஒரு சின்னப் புள்ளியைக் கண்டுபிடித்து எழுதினார். எல்.ஆர்.ஓ. குழு சரிபார்த்து, டிசம்பரில் அவர் பெயரைச் சொல்லி உறுதி செய்தது. அது சந்திரயான்-2-இன் தரையிறங்கு கலமான விக்ரமின் சிதைவுத் துண்டு, முக்கிய மோதல் இடத்திலிருந்து சுமார் 750 மீட்டர் தள்ளி. அவர் தேடிய படம் நம் எல்லோருக்கும் திறந்திருந்த அதே படம்தான்.

நீங்கள் தொடங்க எளிய இடம், தன்னார்வலர்கள் ஆய்வுக்கு உதவும் ஜூனிவர்ஸ் (Zooniverse) தளம். அங்கே பிளானட் ஹன்டர்ஸ் டெஸ் என்ற திட்டத்தில் நட்சத்திரங்களின் ஒளி வரைபடங்களைக் காட்டுவார்கள், ஒளி சட்டென்று குறைந்து மீளும் பள்ளம் எங்கே என்று குறிக்க வேண்டும். வியாழன் அளவுக் கோள் சூரியன் போன்ற நட்சத்திரத்தைக் கடந்தால் ஒளி சுமார் 1 சதவீதம் குறையும், பூமி அளவு என்றால் 0.01 சதவீதம் கூட வராது. திரும்பத் திரும்ப வரும் பள்ளங்களைக் கணினி நன்றாகப் பிடிக்கும். ஒரே ஒரு முறை வருவதை மனிதக் கண் சில சமயம் அதைவிட நன்றாகப் பிடிக்கும். 22 சதவீதம் வரை ஒளி குறைந்து வானியலாளர்களைத் திகைக்க வைத்த கேஐசி 8462852 நட்சத்திரம் இதே குடும்பத்தின் முந்தைய திட்டத்தில் தன்னார்வலர்கள் கண்ணில் பட்டதுதான். இன்னொரு திட்டம் சூரியனைப் பார்க்கும் சோஹோ கலத்தின் படங்களில் வால்மீன் தேடுவது. 5,000-க்கும் மேல் கிடைத்துவிட்டன, பெரும்பாலானவை தன்னார்வலர்கள் கண்டவை.

பரபரப்புச் செய்தி வரும் நாளில்

2025 ஏப்ரலில், 124 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கே2-18பி என்ற கோளின் காற்றில் டைமெத்தில் சல்ஃபைடு இருப்பதற்கான அறிகுறி என்று ஒரு குழு அறிவித்தது. பூமியில் அதைப் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன, ஆகவே உயிர் கிடைத்துவிட்டது என்ற தலைப்புகள் பறந்தன. ஒரு முடிவு வெறும் தற்செயலாக வந்ததல்ல என்பதற்கான உறுதியை சிக்மா என்ற அளவில் சொல்வார்கள், எண் கூடக் கூட உறுதி கூடும். ஆய்வுக் கட்டுரையில் இருந்தது மூன்று சிக்மா உறுதி, கண்டுபிடிப்பு என்று சொல்லப் பொதுவாக ஐந்து கேட்பார்கள். அதே தரவை வேறு குழுக்கள் அலசிப் பார்த்து, சான்று போதவில்லை என்றன. வால்மீனில் கூட அந்த வாயு கிடைத்திருக்கிறது.

இப்படி ஒரு தலைப்பைப் பார்த்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தக் கருவி அளந்தது, எத்தனை சிக்மா, உயிர் இல்லாமலும் இது வர வழி இருக்கிறதா. மூலக் கட்டுரை பெரும்பாலும் ஆர்க்கைவ் (arXiv) என்ற ஆய்வுக் கட்டுரைத் தளத்தில் இலவசமாக இருக்கும், முழுதும் புரியாவிட்டாலும் சுருக்கத்தையும் முடிவுரையையும் படியுங்கள். அந்தப் பத்திகளில் விஞ்ஞானிகள் தலைப்புகளை விட எவ்வளவோ நிதானமாக எழுதியிருப்பார்கள்.

எந்தப் படியிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்றால், இன்றிரவு பெர்செவரன்ஸின் கச்சாப் படங்கள் பக்கத்தைத் திறந்து மிகப் புதிய சோலுக்குப் போங்கள். ஒரு நேவ்கேம் படத்தை எடுத்து, அதில் இருக்கும் பாறைகளில் ஒன்றுக்கு நீங்களே ஒரு பெயர் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நாளைய படத்தில் அது எங்கே போயிருக்கிறது என்று தேடுங்கள்.